ஒட்டாதது இல்லாதது

— நாலு விரக்கடை, மச்சான். நேத்து சாயங்காலம் ரசமட்டம் வெச்சு, குமிழி நடுவுல வந்து நிக்கிறத என் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டுத்தான் ஏணிய விட்டு இறங்கினேன். இன்னிக்குக் காலையில போய்ப் பாக்குறேன், திரையோட இடது மூலை நாலு விரக்கடை கீழ நிக்குது. உங்க ஸ்டோர் ரசமட்டந்தான் கோணலோன்னு வேற ஒண்ணு வாங்கிட்டுப் போக வந்தேன்.

— ரசமட்டம் நல்லாத்தான் இருக்கு, மாப்ள.

— அப்ப மண்டபத்துக் கூரை கோணலா?

— கூரையும் நல்லாத்தான் இருக்கும். நீ கொஞ்சம் உக்காரு.

— உக்கார நேரமில்ல. பதினொரு மணிக்கு ஐயா மேடையேறுறார். அவ்ளோ பெரிய திரை சாஞ்சு நின்னா, அதுல வர்ற அவர் மூஞ்சியும் சாஞ்சு நிக்கும். அப்புறம் என்னைத் தொங்க விட்டுருவார்.

— நான் ஒண்ணு கேக்குறேன், கோவப்படக் கூடாது. அந்த இடது மூலையில தொங்குற மோட்டார்ல என்ன நம்பர் ஒட்டியிருக்கு?

— மூணு. பச்சை. நான் மாட்டின அஞ்சு தூக்கு மோட்டாரும் பச்சைதான். ஸ்டோர விட்டு எடுக்கும்போது நீங்கதானே லேபிள் கோட்டப் படிக்கிற துப்பாக்கியால ஒவ்வொண்ணாச் சுட்டீங்க? பீப் பீப்னு அஞ்சு தடவ கேட்டுச்சு. பழுதுன்னு சிவப்பு லேபிள் ஒட்டின அஞ்சாம் நம்பர் அதோ மூலையில கெடக்கு. அப்புறம் என்ன?

— சுட்டேன். ஆனா மோட்டாரச் சுடல.

— பின்ன எதைச் சுட்டீங்க?

— பீரோக் கதவ.

— வெளயாடாதீங்க, மச்சான்.

— அதுக்குத்தான் உக்காருன்னேன். ஐயா மொத தடவ பத்தாயிரம் லேபிள் அடிக்கச் சொன்னார்ல? அடிச்சு முடிச்சு, தட்டுல வெச்சுக் கொண்டுபோய்க் காட்டினா, ஓரத்துல இருக்கிற அவர் போட்டோ கடுகு அளவு இருக்குன்னுட்டார். ஒரு பொருளப் பாத்தா அது யாரோடதுன்னு தெரிய வேண்டாமான்னு கேட்டார். திரும்பப் பத்தாயிரம் அடிச்சோம். இந்தத் தடவ மூஞ்சி பெருசு, நம்பர் சின்னது. மொத சரக்க எரிச்சுடச் சொன்னார். எனக்கு மனசு வரல. முக்கியமானத மட்டும் பீரோக் கதவுக்கு உள்பக்கமா வரிசையா ஒட்டி வெச்சேன். கோடு ஒண்ணுதானே, மாப்ள. துப்பாக்கி ஐயா மூஞ்சியயா பாக்குது? கதவச் சுட்டாலும் பீப்புங்குது.

— என் பேட்ஜுக்கு மட்டுந்தான் அந்த வேலை பண்றீங்கன்னு நெனச்சேன். காலையில நான் போர்வைக்குள்ள கெடக்கும்போது எனக்காக ஒரு பீப் போடுவீங்களே, அது மாதிரி.

— உனக்கு மட்டுமா? அம்பத்திரண்டு பேரோட மொத பேட்ஜும் கதவுல இருக்கு. மேலருந்து கீழ ஒரே இழுப்பு இழுத்தா வராதவனும் வந்துருவான். இன்னிக்கு ஒன்பது மணிக்குக் கூட, இதே நாற்காலியில உக்காந்தபடியே அம்பத்திரண்டு பேரையும் மண்டபத்துக்குள்ள ஏத்திட்டேன். உன்னையும் ஏத்தினேன், என்னையும் ஏத்தினேன். கணக்குப்படி நாம ரெண்டு பேரும் இப்ப அங்க மொத வரிசையில உக்காந்து கை தட்டிக்கிட்டு இருக்கோம். உன் நெஜ பேட்ஜ் அதோ, ஆணியில தொங்குது பாரு. மூணு மாசமா அங்கதான் தொங்குது.

— ரைட்டு. அத அப்புறம் சிரிச்சுக்கலாம். கதவச் சுட்டதால என்ன குடி முழுகிப் போச்சு? பழுதானது இங்க இருக்கு, நல்லது அஞ்சும் அங்க இருக்கு.

— பழுதானது இங்கதான் இருக்கான்னு எனக்குத் தெரியல, மாப்ள.

— என்ன?

— லேபிள் இங்க இருக்கு. அதுக்கடியில இருக்கிற மோட்டார் எதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியல.

— எந்திரிங்க. மொதல்ல எந்திரிங்க. அந்தச் சிவப்பு மோட்டார உத்தரத்துக் கொக்கியில மாட்டலாம், பிடிங்க ஒரு கை. செக்கிங் வந்தவர் என்ன எழுதினார்? பாதி எடைக்கே பிரேக் நழுவுதுன்னுதானே?

— பாதி எடை ஏத்தினா, பத்து நிமிஷத்துல ஒரு சாண் இறங்குதுன்னு எழுதினார். நானும் கூடவே நின்னு பாத்தேன்.

— திரையோட கனம் அஞ்சு மோட்டாருக்கும் பிரிஞ்சதால அங்க நாலு விரக்கடையோட நிக்குது, இங்க பாதி எடை ஏத்துவோம். அந்த நாலு கேபிள் பெட்டியையும் பெல்ட் போட்டுக் கட்டுங்க. ம், ஆயிருச்சா? தள்ளி நில்லுங்க. ஏறுது. போதும். சாக்பீஸ் குடுங்க, பெட்டி அடிமட்டத்துக்குத் தூண்ல ஒரு கோடு போடுறேன். மணி பத்து இருபது. பத்து இருபத்தெட்டுக்குள்ள இந்தப் பெட்டி கோட்டுக்குக் கீழ வந்துட்டா, இதுதான் பழுது. நாம தப்பிச்சோம்.

— வரும். வந்துரும். நல்ல புள்ள மாதிரி நழுவிரும்.

— எட்டு நிமிஷம் இருக்கு. இப்பச் சொல்லுங்க, எப்படிக் கலந்துச்சு?

— கோவப்படக் கூடாது.

— மச்சான், நான் கோவப்படல. சொல்லுங்க.

— அஞ்சாம் நம்பர் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே, அதோட கொக்கியில ஒரு சிவப்புக் கந்தல் கட்டி வெச்சேன். எத்தன வருஷமா அப்படித்தானே பண்றோம்? கந்தல் கட்டின பொருளக் குருடன் கூடத் தொட மாட்டான். ஐயா ஒரு நாள் விருந்தாளிங்கள கூட்டிட்டு ஸ்டோருக்குள்ள வந்தார். கந்தலப் பாத்ததும் அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. எல்லாத்தையும் லேபிள வெச்சே டேப்புல பாக்குற ஆயிரங்கண் திட்டம்னு உலகத்துக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன், இங்க என்னடான்னா குழந்தைக்கு அரைஞாண் கட்டின மாதிரி கந்தலக் கட்டி வெச்சிருக்கீங்கன்னு கத்தினார். கந்தல், சாக்பீஸ் குறி, பெயிண்ட் குறி, ஒண்ணு பாக்கியில்லாம அழிக்கச் சொன்னார். இனிமே லேபிள் மட்டுந்தான் பேசணும், மனுஷன் பேசக் கூடாதுன்னார்.

— அது எனக்கும் தெரியும். ஸ்டோர் வாசல்ல கூட எழுதி மாட்டினாரே, ஒட்டாதது இல்லாததுன்னு.

— அதோட விட்டாரா? மோட்டார் ஆறும் துருப்பிடிச்சு ஆறு நிறத்துல இருக்கு, போட்டோவுல அசிங்கமா விழும், கறுப்படின்னார். லேபிளோட சேத்து அடிக்க முடியுமா? ஆறு லேபிளையும் உரிச்சு ஜன்னல் கம்பியில ஒட்டி வெச்சுக்கிட்டு அடிச்சேன். வாசல்ல வரிசையாக் காய வெச்சேன். இடமிருந்து வலமா ஒண்ணு, ரெண்டு, மூணு. மனசுல நல்லாப் பதிய வெச்சிருந்தேன், மாப்ள. அஞ்சாவது, பூந்தொட்டிக்குப் பக்கத்துல.

— சரி.

— அப்பத்தான் தூத்தல் போட்டுச்சு.

— ஐயையோ.

— நீ கூட ஓடி வந்தியே. ஈரப் பெயிண்ட்டு மச்சான், ஈரப் பெயிண்ட்டுன்னு கத்திக்கிட்டே மூணத் தூக்கின. நான் மூணத் தூக்கினேன். உள்ள கொண்டு வந்து எங்க இடம் கெடச்சுதோ அங்க வெச்சோம். தலையத் தொடச்சுட்டு நிமிந்து பாக்குறேன், ஆறும் கறுப்பா, ஒரே பிரசவத்துல பொறந்த மாதிரி உக்காந்திருக்கு. உடம்புல வெட்டின நம்பர் மேலயும் பெயிண்ட் அடிச்சாச்சு. எது எதுன்னு பெத்தவளுக்கே தெரியாது.

— அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?

— யார்கிட்ட? ஐயா கிட்டயா? இன்னொரு தப்புப் பண்ணினா வாசலப் பாத்து நடன்னு போன மாசந்தானே சொன்னார். இந்த வேலைய வாங்கிக் குடுத்தது யாரு? தங்கச்சி. எங்க அண்ணன் கை சுத்தம், கணக்குச் சுத்தம்னு அவர் மேசை முன்னாடி நின்னு சொன்னா. அவ மானம் போயிருமேன்னு, மனசுக்குப் பட்ட வரிசையில ஒட்டிட்டேன். ஆறுல ஒண்ணு சரியா விழுமேன்னு ஒரு நம்பிக்கை.

— ஆறுல ஒண்ணுதான் மச்சான் சரியா விழும். அஞ்சு தப்பா விழும்.

— அதுவும் தெரியும். அதான் பத்து நாளா எனக்குச் சோறு இறங்கல. உன்கிட்டச் சொல்லிரலாம்னு தெனமும் வாயத் தொறப்பேன். நீ எதையாவது சொல்லிச் சிரிக்க வெச்சுட்டுப் போயிருவ.

— நானும் ஒரு மடையன். கந்தல் இருந்த காலத்துல, ஒவ்வொரு மோட்டாரையும் மாட்டுறதுக்கு முன்னாடி சங்கிலிய இழுத்துப் பாப்பேன், பிரேக்கத் தட்டிப் பாப்பேன். இப்ப பச்சை காட்டுதேன்னு அப்படியே ஏத்திட்டேன். இன்னிக்குக் காலையில ஐயா கிட்டயே போய்ச் சொன்னேன், திரை சாயுதுங்கன்னு. அவர் திரைய நிமிந்து கூடப் பாக்கல. கையில இருந்த டேப்பு ஸ்கிரீனத் தட்டிப் பாத்துட்டு, மூணாம் நம்பர் ஆரோக்கியமா இருக்குப்பா, நீ கண்ணாடிய மாத்துன்னார்.

— நீதான் கண்ணாடியே போடறதில்லையே.

— அத நான் சொல்றதுக்குள்ள போட்டோக்காரர் வந்துட்டார். மணி என்ன?

— பத்து இருபத்தஞ்சு.

— கோட்டப் பாருங்க.

— மங்கலாத் தெரியுது. நீ பாரு.

— அங்கேயே நிக்குது.

— இன்னும் மூணு நிமிஷம் இருக்குல்ல? நழுவும். நழுவு தாயே. ஒரு விரக்கடை, ஒரே ஒரு விரக்கடை நழுவு. பொருள் கெட்டுப்போயிருக்கணும்னு வேண்டிக்கிற மொத ஸ்டோர்க்காரன் நானாத்தான் இருப்பேன்.

— மச்சான், அந்த இடது மூலைக்கு நேர் கீழ யார் நிக்கிறா தெரியுமா?

— ஐயாவா?

— ஐயாவுக்கு நடு மேடை. இடது பக்கம் மைக்குல நின்னு நிகழ்ச்சிய நடத்திக் குடுக்கறது உங்க தங்கச்சி. என் பொண்டாட்டி. நேத்து நாந்தான் அவளுக்கு அந்த எடத்துல சாக்பீஸால வட்டம் போட்டுக் காட்டினேன். வெளக்கு மூஞ்சியில நல்லா விழும், இதுலயே நில்லு, இம்மி நகராதன்னு சொல்லிட்டு வந்தேன்.

— அப்படிச் சொல்லாத, மாப்ள.

— மணி பாருங்க.

— இருபத்தெட்டு.

— கோடு?

— கோட்டுலயே நிக்குது. நல்லா கவ்விப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, சனியன். ஒரு மயிரிழை கூட இறங்கல. இது நல்ல மோட்டார். இது ரொம்ப நல்ல மோட்டார், மாப்ள.

— அப்ப கெட்டது அவ தலைக்கு மேல இருக்கு.

— ஐயாவுக்குப் போன் போடு. நான் பேசுறேன். என் வேலை போனாப் போகுது. எல்லாத்தையும் நானே ஒத்துக்கிறேன்.

— போட்டு? நாலு நாளா அவர் போன் அவர் கையில இல்ல, டேப்புதான் இருக்கு. வாயால சொல்றது செல்லாதுன்னு அவரே சட்டம் போட்டிருக்கார். அதுவுமில்லாம திரைய ஏத்தி இறக்குற ரிமோட்டு வேற அவர் கோட்டுப் பையில. பத்தாயிரமாவது லேபிளா தன்னோட பேட்ஜையே சுட்டுட்டு, பட்டன அமுக்கித் திரைய மேல ஏத்துவாராம். அந்த இழுப்புக்கு இந்த பிரேக் தாங்காது. இருங்க, அந்த ரெண்டு இரும்புக் கம்பி வடத்தையும் எடுங்க. கொக்கியோட எடுங்க.

— எதுக்கு?

— திரைச் சட்டத்தோட இடது மூலைய, மோட்டார நம்பாம நேரா கூரை உத்தரத்தோட சேத்துக் கட்டிடுறேன். கட்டிட்டா, பிரேக் விட்டாலும் கம்பி தாங்கும். ரெண்டு தெருதானே, பைக்குல அஞ்சு நிமிஷம். பின்பக்க ஷட்டர் வழியா நுழைஞ்சு, திரைக்குப் பின்னாடி கறுப்புத் துணிக்குள்ளயே ஏறிடுவேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

— முன் வாசல்ல போய்ச் சொல்லிட்டு ஏறலாம்ல?

— முன் வாசல்ல காவலாளி பேட்ஜு கேப்பான். உள்ள இருக்கிறதாக் காட்டுற ஆள் மறுபடி எப்படி உள்ள வர்றான்னு கேப்பான். அவனுக்குப் பதில் சொல்லிட்டு நிக்க நேரமில்ல. இந்தாங்க, என் போன வெச்சுக்குங்க.

— நீ கொண்டு போயேன். எப்படிப் பேசுறது?

— மேல ஏறுறவன் பையில போன் வெக்கக் கூடாது, மச்சான். தவறி விழுந்தா கீழ ஒருத்தன் மண்டை போயிரும். எங்க தொழில்ல லேபிள் ஒட்டாத ஒரே சட்டம் அதுதான். நீங்க அவளுக்குப் போட்டு எப்படியாவது அந்த வட்டத்த விட்டு நகத்துங்க. உங்க போன்லதான் ஆயிரங்கண்ண ஏத்தி அது மூச்சடைச்சுக் கெடக்கே. இதுல பேசுங்க.

— சரி, சரி.

— இன்னொண்ணு. நான் மேல ஏறியிருக்கேன்னு அவகிட்டச் சொல்லாதீங்க. மைக்குக்கு முன்னாடி நிக்கிறா. பயந்தான்னா அண்ணாந்து பாப்பா, மண்டபமே அண்ணாந்து பாக்கும். நான் இங்க உங்க கூட இருக்கேன்னு சொல்லுங்க.

— மாப்ள.

— ம்?

— ஜாக்கிரதையா.

— ரைட்டு.

— எடு தங்கச்சி. எடு. பதினேழு தடவ அடிச்சுட்டேன். மணி பதினொண்ணேகால் ஆச்சு. எடுத்துத் தொலையேன்.

— என்னங்க இது? மேடையில நிக்கிறேன், இடுப்புல போன் துடிச்சுக்கிட்டே இருக்கு. சுருக்கமாச் சொல்லுங்க.

— நான்தான்மா. அண்ணன்.

— அண்ணனா? இது அவர் போனாச்சே. அவர் எங்க?

— இங்கதான். பக்கத்துலதான் இருக்கான். டீ குடிக்கிறான். நீ எங்க நிக்கிற?

— மைக்குக்குப் பின்னாடி, பேப்பரால வாய மறைச்சுக்கிட்டுப் பேசுறேன். ஐயா பேசிக்கிட்டு இருக்கார். இப்போதைக்கு முடிக்க மாட்டார். ஒட்டாதது இல்லாததுன்னு இதோட ஏழாவது தடவ சொல்லிட்டார். ஒவ்வொரு தடவயும் கை தட்டச் சொல்லி எனக்கு ஜாடை வேற.

— மேல ஏதாவது சத்தம் கேக்குதா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்? பேச ஆரம்பிச்சதுலருந்து கேக்குது. யாரோ தூக்கத்துல பல்லக் கடிக்கிற மாதிரி. மைக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.

— மைக்கு இல்லம்மா. கோவப்படக் கூடாது. உன் தலைக்கு மேல தொங்குறது பழுதான மோட்டார். லேபிள மாத்தி ஒட்டினது நான்.

— அண்ணே.

— திட்டுறத அப்புறமாத் திட்டு. மொதல்ல அந்த வட்டத்த விட்டு நகரு.

— நான் நகந்துருவேன். இங்க மேடையில நம்ம ஆளுங்க அத்தன பேரும் நிக்கிறாங்களே. குரூப் போட்டோன்னு எல்லாரையும் திரைக்கடியில வரிசையா நிக்க வெச்சிருக்கார். அக்கவுண்ட்ஸ் அக்கா, டிரைவருங்க, எல்லாரும். நெஞ்சுல லேபிள ஒட்டிக்கிட்டு, கடையில அடுக்கின சோப்பு மாதிரி நிக்கிறாங்க. அவங்கள விட்டுட்டு நான் மட்டும் எப்படி நகர்றது?

— ஐயா காதுல போய்ச் சொல்லு.

— சொன்னா? ஆதாரம் எங்கம்மாம்பார். டேப்புல பச்சையா இருக்கேம்பார். உங்களுக்குத் தெரியாதாண்ணே, நேத்து சமையல்கட்டுல கேஸ் வாடை அடிக்குதுன்னு சொன்னதுக்கே, சிலிண்டர் லேபிளச் சுட்டுப் பாத்துட்டு வாடை இல்லன்னுட்டார்.

— இரு. டேப்பத்தானே நம்புவார்? டேப்பும், அதுல வர்றதக் காட்டுற திரையுமே சொல்லட்டும். துப்பாக்கி எங்க... இந்தா. பீரோக் கதவத் தொறந்துட்டேன். பழுதுங்கிற பட்டன அமுக்கிச் சுடறேன். ஒண்ணாம் நம்பர், பழுது. ரெண்டு, பழுது. மூணு, பழுது. நாலு. ஆறு. அவ்ளோதான். ஏதாவது தெரியுதா?

— ஐயோ. அண்ணே, திரை முழுக்கச் சிவப்பாயிருச்சு. அஞ்சும் மின்னுது. 'பழுதான பொருளுக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது'ன்னு யானை அளவு எழுத்துல வருது. அவர் மூஞ்சி இருந்த எடத்துலயே வருது.

— என்ன பண்றார்?

— பேச்ச நிறுத்திட்டார். வேர்க்குது. விருந்தாளிங்களப் பாக்குறார். டேப்பப் பாக்குறார். இருங்க, என்னவோ சொல்றார்... கேட்டீங்களா? இதுவும் நிகழ்ச்சியில ஒரு பகுதியாம். ஆபத்து வந்தா ஆயிரங்கண் எப்படிக் காப்பாத்தும்னு நேர்ல காட்டத்தான் அவரே ஏற்பாடு பண்ணினாராம். எல்லாரும் ஒழுங்கா வெளிய போகணுமாம்.

— அவர் என்னவும் சொல்லிக்கட்டும். போறாங்களா?

— விருந்தாளிங்க போயிட்டாங்க. அவங்க ஒட்டாதவங்க, அதனால தப்பிச்சாங்க. நம்ம ஆளுங்கதான் போக முடியல. ஒவ்வொருத்தர் பேட்ஜையும் சுட்டுத்தான் வெளிய விடணும்னு ஐயா வாசல்லயே நின்னுட்டார். காவலாளி கையில ஒரே துப்பாக்கி. அதுவும் மூணு தடவ சுட்டாத்தான் ஒரு பீப். வரிசை வளைஞ்சு திரைக்கடியிலதான் நிக்குதுண்ணே. நானும் வரிசையிலதான் நிக்கிறேன். எனக்கு முன்னாடி முப்பது பேர்.

— தள்ளிட்டு ஓடுங்களேன்.

— கதவப் பாதி சாத்தி வெச்சிருக்காங்க. திரையில எண்ணிக்கை ஓடுது. உள்ள இருப்பவர்கள் நாப்பத்தேழு. நாப்பத்தாறு. அண்ணே, அந்தப் பல்லக் கடிக்கிற சத்தம் இப்ப நல்லாவே கேக்குது. ஏதோ தூசு கொட்டுது. என் கையில கறுப்பா ஒட்டுது.

— கறுப்புப் பெயிண்ட்டு அது. நான் அடிச்ச பெயிண்ட்டு. தங்கச்சி, போன வெச்சுறாத. எல்லாரையும் நான் வெளிய எடுக்குறேன். பீரோக் கதவு இருக்கு. கதவுல எல்லாரும் இருக்கீங்க. இந்தா, 'வெளிய'ன்னு மாத்திட்டு மேலருந்து கீழ இழுக்குறேன். கேக்குதா? இந்தப் பக்கம் பீப் பீப்னு பொரியுது.

— நாப்பது. இருபத்தெட்டு. பதினஞ்சு. காவலாளி துப்பாக்கியவே பாத்துக்கிட்டு நிக்கிறான், பேய் புடிச்ச மாதிரி. ஆறு. மூணு. சைபர். சைபர் வந்துருச்சுண்ணே. கதவத் தொறந்துட்டான். எல்லாரும் ஓடுறாங்க. நானும் வந்துட்டேன். வெளிய வந்துட்டேன். வெயில்ல நிக்கிறேன்.

— நெஜமாவா? கால் தரையில இருக்கா?

— இருக்கு. செருப்பு ஒண்ணுதான் உள்ளயே போச்சு.

— செருப்பு போனா போகுது தாயி. செருப்பு போனா போகுது.

— அழாதீங்கண்ணே. நீங்க பண்ணினதுக்கு உங்கள நான் அப்புறமா வீட்ல வெச்சுக்கிறேன். இப்ப அழாதீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல.

— நாளைக்கே ஐயா முன்னாடி நின்னு எல்லாத்தையும் சொல்லிடுறேன். வேலை போகட்டும். பத்து நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் மூச்சு விடுறேன்.

— இங்க ஐயாவப் பாக்கணுமே நீங்க. மண்டபம் காலியாக ஒன்றரை நிமிஷந்தான் ஆச்சாம், உலகத்துலயே இதுதான் வேகமாம். விருந்தாளிங்க கை குடுக்குறாங்க. பழுதான பொருள எப்படிப் பத்திரமா இறக்குறதுன்னும் இப்பவே காட்டுறேன்னு சொல்லி, ரிமோட்ட எடுத்துட்டார். வாசல்ல நின்னபடியே திரைய இறக்கப் போறார்.

— என்ன சொன்ன?

— திரைய இறக்கப் போறார்.

— வேண்டாம்னு சொல்லு. இறக்கக் கூடாது. தொடவே கூடாது.

— விழுந்தா விழட்டுமேண்ணே. உள்ளதான் யாரும் இல்லையே.

— மாப்ள இருக்கான்.

— எந்த மாப்ள?

— உன் புருஷன். பின் ஷட்டர் வழியாப் போனான். திரைக்குப் பின்னாடி, இடது மூலையில, சட்டத்து மேலயே உக்காந்து, சத்தம் வராம மெல்ல மெல்லக் கம்பி வடம் கட்டிக்கிட்டு இருக்கான்.

— பக்கத்துல டீ குடிக்கிறார்னீங்களே.

— உன்கிட்டச் சொல்லாதன்னு சொன்னான்மா. ஓடு. அவர் கையப் புடி. கடிச்சாவது புடுங்கு.

— ஐயா, நிறுத்துங்க. ஐயா, உள்ள ஆள் இருக்கு. எங்க வீட்டுக்காரர் அது மேல உக்காந்திருக்கார். ஐயா.

— தங்கச்சி, என்ன சொல்றார்? நிறுத்திட்டாரா? தங்கச்சி?

— டேப்பக் காட்டுறார்ணே. 'உன் வீட்டுக்காரர் பதினொண்ணு இருபத்தேழுக்கே வெளிய வந்துட்டாரும்மா, பாரு, இங்க இருக்கு'ன்னு சொல்லிட்டு, பட்டன அமுக்கிட்டார்.